சாவி யார் கையில்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அத்துடன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் பூட்டிவிட்டுப் போன வீட்டைப் பார்த்துக்கொண்டு பார்!

லிங்கராஜபுரத்தில் நான் குடியிருக்கும் தெருவில் பதினான்கு வீடுகள். அவற்றில் ஐந்தில் இரவில் விளக்கு எரிவதில்லை. ஒன்றில் இருந்தவர்கள் டொராண்டோவில் மகளோடு இருக்கிறார்கள். இன்னொன்றின் உரிமையாளர் காலமாகி, பிள்ளைகள் மூவரும் மூன்று நாடுகளில். மற்றவை வருடத்துக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில் மட்டும் திறக்கும் வீடுகள். காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி, பானஸ்வாடிப் பக்கமுள்ள அன்பர்களைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

இது எப்படி வந்தது என்பது நமக்குத் தெரிந்ததே. 1809-ல் ஆங்கிலேயர் இங்கே 'தண்டு' அமைத்த நாள் முதல் தமிழர் இந்தப் பக்கம் வந்து குடியேறினார்கள். அடுத்து வந்த தலைமுறை எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தது. பிராவிடண்ட் பண்டும் மனைவியின் நகையும் சேர்ந்து ஒரு சைட் ஆயிற்று. சைட் ஒரு மாடி வீடாயிற்று. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தளம் என்று கணக்குப் போட்டு இரண்டாவது மாடியும் எழுந்தது. அந்த வீட்டில் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள், அந்தப் படிப்பினாலேயே வீட்டைவிட்டுப் பறந்தார்கள். இப்போது மூன்று தளத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு திண்டுக்கல் பூட்டு!

நாடு முழுவதும் இதே நிலைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. அவற்றில் ஒவ்வொன்றின் சாவியும் யாரோ ஒருவர் கையில்தானே இருக்கும்? பெரும்பாலும் அது ஒரு தம்பி, ஒரு மைத்துனர் அல்லது பக்கத்து வீட்டு மாமி. அவர்களுக்கும் வயதாகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

பூட்டிய வீடு சும்மா இருப்பதில்லை

ஆள் புழங்காத வீடு அப்படியே இருக்கும் என்று நினைப்பது தவறு. குளியலறைத் தரையில் உள்ள வடிகாலில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுக்கிறது. சில வாரம் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது வற்றிவிடும். அப்புறம் வீடு முழுவதும் அவற்றின் ராஜ்யம்தான். குழாய்களின் வாஷர் காய்ந்து வெடிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப் போகும். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயைச் சருகு அடைத்துக்கொண்டால், ஒரே மழையில் மாடி குளமாகிச் சுவரில் ஓதம் இறங்கும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் முதல் வருடம் விரலால் பிடுங்கலாம். மூன்றாம் வருடம் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

சம்ப் மூடி சரியாக இல்லையென்றால் கொசு வளரும். 2024-ல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளை நோயாக அறிவித்து, கொசு வளர இடம் கொடுப்பவர்களுக்கு அபராதமும் விதித்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது கொசுவுக்குத் தெரியாது.

மின்சாரத்தைப் பயன்படுத்தாவிட்டாலும் பெஸ்காமின் நிலையான கட்டணம் வந்துகொண்டே இருக்கும். வருடந்தோறும் கந்தாயம் கட்ட வேண்டும். இப்போது இ-காத்தா வேறு. 2024 அக்டோபரிலிருந்து பெங்களூரில் இ-காத்தா இல்லாமல் வீட்டுப் பத்திரம் பதிவு செய்ய முடியாது. பி.பி.எம்.பி.யும் 2025-ல் போய், அதன் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. இத்தனையையும் சிட்னியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கவனிக்க வேண்டுமானால், இங்கே அவருக்காக ஒருவர் நடக்கத்தான் வேண்டும்.

அண்ணன் வீடு

என் அண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. 1986-ல் கட்டியது. கீழே மொசைக் தரை, மேலே இரண்டு தளம், பின்னால் ஒரு தென்னை. 2016-ல் அண்ணனும் அண்ணியும் சிங்கப்பூரில் மகனோடு இருக்கப் போனார்கள். போகும்போது சாவிக் கொத்தை என் மனைவியின் கையில்தான் கொடுத்தார் அண்ணி. ஞாயிறுதோறும் போய்த் திறந்து, ஜன்னலை விரித்து, எல்லாக் குழாயையும் ஒரு முறை திறந்து மூடி, வாசல் தெளித்துவிட்டு வருவோம். ஆறு வருடம் இப்படி ஓடியது. அது எங்களுக்குப் பாரமாகவே தெரியவில்லை.

2022-ல் மகளின் பிரசவத்துக்காக நாங்கள் பூனாவுக்குப் போய் ஆறு வாரம் இருந்தோம். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனோம். அந்தச் சமயத்தில் முதல் மாடி கீசருக்குப் போகும் குழாயின் இணைப்பு விட்டுப்போயிற்று. டேங்க் தண்ணீர் முழுவதும் சுவர் வழியாக இறங்கி, கீழ் அறையிலிருந்த மர அலமாரியை நனைத்தது. ஓதம் ஏறிய மரத்தில் கரையான் புகுந்தது. நாங்கள் திரும்பி வந்து திறந்தபோது அண்ணியின் பட்டுப் புடவைகள் போய்விட்டன. எங்கள் அப்பா 1950-களில் எழுதிய கணக்கு நோட்டுகள் மாவாகிக் கிடந்தன. வீட்டுப் பத்திரம் வங்கி லாக்கரில் இருந்ததால் தப்பியது.

அண்ணன் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் போனில், "நீங்க இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுடா" என்றார். வருத்தத்தில் வந்த வார்த்தைதான். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் யார் கணக்கிலும் ஏறவில்லை, அந்த ஆறு வாரம் மட்டும் ஏறிவிட்டது என்று அவளுக்குப் பட்டது. அவள் அன்று சொன்னது ஒன்றுதான். "இனிமே காசு வாங்கிக்கிட்டுச் செய்யற ஆள்கிட்ட சாவியைக் கொடுங்க. நமக்கு அண்ணன் இருந்தா போதும்."

அண்ணன் லேசில் சம்மதிக்கவில்லை.

"நீ ரெண்டு தெரு தள்ளி இருக்கும்போது அந்நியன் கையில சாவியாடா?"

"அண்ணா, எனக்கும் எழுபதைத் தாண்டிருச்சு. மாடி ஏறினா முழங்கால் பேசுது. நாளைக்கு நான் படுத்துட்டா யாரு?"

"அதுக்காக மாசாமாசம் பணம் கொடுக்கணுமா?"

"பணம் கொடுத்தா ஏன் வரலேன்னு அவன்கிட்ட கேட்கலாம். என்கிட்ட நீ கேட்க முடியுமா?"

அந்தக் கேள்விக்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. மறுநாள், "சரி, விசாரிச்சுப் பாரு" என்றார்.

நம்மிடம் இருந்த பழக்கம்தான்

சொத்தைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்று சில அன்பர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார்களுக்குக் காரியஸ்தர்கள் இருந்தார்கள். நிலம், வீடு, வழக்கு, வரி எல்லாம் அவர் பொறுப்பு.

நகரத்தார்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்தியபோது முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த கடையை ஏஜெண்டு நடத்துவார். அவருக்குச் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. கணக்கை 'ஐந்தொகை' போட்டு அனுப்ப வேண்டும். ஏஜெண்டு பெரும்பாலும் சொந்தக்காரராகவோ தெரிந்த குடும்பத்தவராகவோதான் இருப்பார். ஆனாலும் சீட்டு இல்லாமல் ஆள் கிடையாது, ஐந்தொகை இல்லாமல் தவணை முடியாது. உறவு வேறு, கணக்கு வேறு என்பதில் அவர்களுக்கு அவ்வளவு தெளிவு.

அதே செட்டிநாட்டின் பெரிய வீடுகள் இன்று என்ன ஆயின என்பதும் நமக்குப் பாடம். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு பூட்டிய அறை, கூடுவது விசேஷங்களுக்கு மட்டும். செலவை யார் செய்வது என்று ஒத்துப்போன வீடுகள் நிற்கின்றன. ஒத்துப்போகாதவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்' என்று சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன.

இலங்கைத் தமிழர் அனுபவம் இதைவிடக் கசப்பானது. போரினால் வீட்டை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது வேறொருவர் குடியிருந்தார். அந்நாட்டுச் சட்டப்படி பத்து வருடம் எதிரிடையாக அனுபவித்தவர் உரிமை கோரலாம். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2016-ல் அங்கே ஒரு விசேஷச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. நமக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தம் இல்லை. ஏற்பாடு செய்துவிட்டுப் போக நேரம் இருக்கிறது.

யாரிடம் கொடுப்பது?

நானும் மனைவியும் மூன்று நிறுவனத்தாரை அழைத்துப் பேசினோம். பெயர்கள் இங்கே தேவையில்லை. முதலில் வந்தவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே சாவியைக் கேட்டார். இரண்டாமவர் வாடகைக்கு விடவும், முன்பணம் வாங்கவும், வழக்காடவும் சேர்த்துப் பொது அதிகாரப் பத்திரம் வேண்டும் என்றார். மூன்றாவதாக ஓர் அம்மாள், ஓர் ஏணியும் டார்ச்சு விளக்கும் தூக்கிய பையனோடு வந்தார். மூன்று மணி நேரம் வீட்டைச் சுற்றினார். சம்ப்பைத் திறந்து பார்த்தார், மாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். எந்த அறையில் என்ன சாமான் என்று எழுதினார். கடைசியில்தான் கட்டணம் பேசினார். அவரிடமே கொடுத்தோம்.

ஒப்பந்தம் எழுதும்போது நாங்கள் கேட்டுச் சேர்த்த விஷயங்கள் மற்ற அன்பர்களுக்கும் பயன்படலாம்.

வீட்டிலுள்ள சாமான்களின் பட்டியல் புகைப்படத்துடன் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும். நகை, பத்திரம், பாஸ்புக் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது.

மாதம் இரண்டு முறை திறந்து பார்க்க வேண்டும். பார்த்ததற்குத் தேதியிட்ட படமும் குறிப்பும் அண்ணனுக்குப் போக வேண்டும். பெரிய மழைக்கு மறுநாள் கட்டாயம் ஒரு முறை.

ஒரு குறிப்பிட்ட தொகை வரை பழுதுச் செலவை அவர்களே செய்யலாம். அதற்கு மேல் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். நாங்கள் வைத்த வரம்பு ஐயாயிரம் ரூபாய். எதற்கும் ரசீது வேண்டும். கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று ஒரு நோட்டு. நிறுவனத்து ஆட்கள் யாரும் வீட்டில் தங்கக் கூடாது. இன்னொரு சாவிக் கொத்து குடும்பத்தில் ஒருவரிடம் இருக்கும்.

இரு தரப்பும் இரண்டு மாத நோட்டீசில் விலகிக்கொள்ளலாம். இது முக்கியம். நிறுவனங்கள் வரும், போகும். பெங்களூரில் 2015-ல் தொடங்கி, வாடகை வீடுகளை நிர்வகிப்பதில் நாடெங்கும் பெயர் வாங்கிய நெஸ்ட்அவே நிறுவனமே 2023-ல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. பெரிய பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். வீடு பல நாள் ஆளில்லாமல் இருந்தால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பல பாலிசிகளில் உண்டு. பகுதிக் காவல் நிலையத்திலும் பூட்டிய வீடு என்று சொல்லி வைப்பது நல்லது.

பத்திரமும் சட்டமும்

அதிகாரப் பத்திரம் கொடுக்கத்தான் வேண்டுமா? பார்த்துக்கொள்வதற்கு மட்டும் என்றால் ஒப்பந்தமே போதும். காத்தா, கந்தாயம், மின் இணைப்பு போன்றவற்றுக்கு ஒருவர் அலுவலகம் ஏற வேண்டுமானால், அந்த வேலைகளை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தனி அதிகாரப் பத்திரம் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை நிர்வாக நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து வீட்டைக் கைமாற்றுவது விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லிவிட்டது. ஆனாலும் ஏமாற்றப்பட்ட பிறகு நீதிமன்றப் படியேறுவதைவிட முன்னாலேயே கொடுக்காமல் இருப்பது மேல். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும்.

"காவலுக்கு வைத்தவன் பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு அவனுக்கே போய்விடுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். இந்தப் பயம் பாதி சரி. 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து பன்னிரண்டு வருடம் ஒருவர் அனுபவித்துவந்தால் உரிமையாளர் தன் உரிமையை இழக்க நேரலாம். ஆனால் நாம் அனுமதித்து வைத்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கோவாவில் ஒரு சகோதரியின் வீட்டில் இருந்துகொண்டு விலக மறுத்த சகோதரர் வழக்கில், 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. காவலாளியோ, பார்த்துக்கொள்பவரோ, வேலைக்காரரோ எத்தனை வருடம் இருந்தாலும் வீட்டில் உரிமை பெற முடியாது. மரியா மார்கரிடா வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் நாம் வைத்த ஆள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஒரு தாள் எழுதி, சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுத்துவந்தால் அதுவே ஆதாரம். "பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்" என்று வாய் வார்த்தையில் விட்டால் பின்னால் நிரூபிக்க அலைய வேண்டும். அந்தக் கோவா வழக்கில் எதிரெதிரே நின்றவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வாடகைக்கு விட்டால் என்ன?

வீட்டுக்கு நல்லது ஆள் குடியிருப்பதுதான். விளக்கு எரியும், தண்ணீர் ஓடும், வாசலில் கோலம் இருக்கும். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்குச் சில சங்கடங்கள் உண்டு. அவருக்கு வாடகை கொடுப்பவர் முப்பது சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். குடியிருப்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. வாடகை, உரிமையாளரின் என்.ஆர்.ஓ. கணக்குக்கு நேராகப் போகட்டும். நிர்வாக நிறுவனத்தின் கணக்கில் முன்பணம் தங்க விடாதீர்கள்.

பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு 1999-ம் வருடத்து வாடகைச் சட்டம் பொருந்தாது. தகராறு வந்தால் சிவில் நீதிமன்றம்தான். அங்கே பேசுவது ஒப்பந்தம். பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவு தேவையில்லை, ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் விடும் போக்கியம், நம் ஆட்கள் 'லீஸ்' என்று சொல்வது, தூரத்தில் இருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். காலி செய்யும் நாளில் அவ்வளவு பணத்தையும் கையில் வைத்தால்தான் வீடு திரும்பும். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் அந்தப் பணத்தைப் பிள்ளையின் கல்லூரிக்குச் செலவழித்துவிட்டு, வீட்டை மீட்க நாலு வருடம் அலைந்தது.

உறவுக்கு விட்டு வைப்போம்

அண்ணன் வீட்டு ஏற்பாட்டுக்கு மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயும் வரியும் ஆகிறது. ஆரம்பத்தில் அண்ணனுக்கு இது வீண் செலவாகத்தான் பட்டது. பிறகு ஒரு மாதக் குறிப்பில், பின்பக்கச் சுவரில் விரல் நீளத்துக்கு ஓர் அரசங்கன்று முளைத்திருந்ததும் பிடுங்கியதும் படத்தோடு வந்தது. அன்றிலிருந்து அவரே ஒவ்வொரு குறிப்பையும் பெரிதாக்கிப் பார்த்துக் கேள்வி கேட்கிறாராம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்க வேண்டியவரிடம் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டியவர் சொல்கிறார்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் முதல் கேள்வி சம்ப் மூடியைப் பற்றியதாக இருக்கும். இப்போது என் முழங்காலைப் பற்றிக் கேட்கிறார். அண்ணி என் மனைவியோடு அரை மணி நேரம் சமையல் பேசுகிறார். அந்தச் செலவில் எங்களுக்குக் கிடைத்தது இதுதான்.

நம்மில் எத்தனையோ பேருக்கு இங்கே ஒரு வீடும், சேலத்திலோ வேலூரிலோ திருநெல்வேலியிலோ அப்பா கட்டிய ஒரு வீடும் உண்டு. அந்தச் சாவிகள் இன்று யாரிடம் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர்களின் வயதையும் பக்கத்தில் எழுதுங்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதி இல்லையென்றால், சாவி வைத்திருக்கும் அந்தத் தம்பிக்கோ மாமிக்கோ ஒரு செலவுத் தொகையாவது மாதாமாதம் அனுப்புங்கள். எதை, எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுங்கள். அவர் ஊருக்குப் போகும் நாளில் மாற்று ஆள் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசிவிட்டால் நல்லது. மழைக்காலத்துக்கு முன் பேசிவிட்டால் இன்னும் நல்லது.